எண்ணெய் தாராகும் இடம்

சேலத்தில் பூமிக்கடியில் எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: கிடைக்காது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழசு. 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து இறுகியது. அந்தச் சூட்டில் எந்த உயிர்ப்பொருளும் எண்ணெயாக நிற்காது, கிராஃபைட்டாகத்தான் மிஞ்சும். ஆனாலும் எண்ணெய்க் கதையில் இந்த மாதிரிப் பழம்பாறைக்கு ஒரு பெரிய வேலை உண்டு. தொலைவில் பிறந்து ஊர்ந்து வரும் எண்ணெய் இதன் ஓரத்தில் வந்துதான் முட்டி நிற்கிறது. தார்போல் கெட்டியான எண்ணெயைக் கன எண்ணெய் என்பார்கள். உலகத்தின் இரண்டு மாபெரும் கன எண்ணெய்க் களங்களான வெனிசுவேலாவின் ஒரினோகோவும் கனடாவின் அதபாஸ்காவும் இப்படிப்பட்ட தொல்பாறைப் பரப்பை ஒட்டியே கிடக்கின்றன.

கன எண்ணெய் கனமாகவே பிறப்பது அபூர்வம். பெரும்பாலும் அது சாதாரண எண்ணெயாகப் புறப்பட்டு, ஆழம் குறைந்த குளிர்ந்த ஓரத்துக்கு வந்து சேர்ந்து, அங்கே நுண்ணுயிர்கள் தின்றது போக மிஞ்சியது. ஆகவே ஒரு களத்தில் எண்ணெய் லேசாக இருக்குமா கனமாக இருக்குமா என்று கணிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தப் பாறையில் பிறந்தது என்பதை அல்ல. வந்து சேர்ந்தபோது அந்த இடத்தின் வெப்பம் எவ்வளவு, அதற்குப் பிறகு எவ்வளவு காலம் அங்கே கிடந்தது என்பதைத்தான்.

முதலில் அளவுகோல். எண்ணெய்த் தொழிலில் அடர்த்தியை ஏபிஐ டிகிரியில் சொல்வார்கள். 141.5-ஐ ஒப்படர்த்தியால், அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியால் வகுத்து 131.5-ஐக் கழித்தால் ஏபிஐ. தண்ணீருக்கு 10 வரும். எண் குறையக் குறைய எண்ணெய் கனம். 22.3-க்குக் கீழே போனால் கன எண்ணெய், 10-க்குக் கீழே மிகைக்கன எண்ணெய். பாகுத்தன்மை என்பது ஓட மறுக்கும் குணம், அதன் அலகு சென்டிபாய்ஸ். களத்து வெப்பநிலையில் அது 10,000 சென்டிபாய்ஸைத் தாண்டினால் அதைப் பிற்றுமின் என்கிறோம். நம் வாயில் தார். அதபாஸ்காத் தாரின் ஏபிஐ சுமார் 8. கணக்குப் போட்டால் ஒரு கன மீட்டர் 1,014 கிலோ. நல்ல தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

எண்ணெய் பிறப்பது மூலப்பாறையில். பாசியும் நுண்ணுயிரும் செத்துப் படிந்த கருப்புக் களிப்பாறை அது. உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் முதலில் கெரோஜன் என்ற திடப்பொருளாக மாறும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை 60 டிகிரியைத் தாண்டியதும் கெரோஜன் உடைந்து எண்ணெய் விடத் தொடங்குகிறது. 150 டிகிரி வாக்கில் எண்ணெய்க் காலம் முடிந்து எரிவாயுக் காலம் வந்துவிடும். திடப்பொருள் திரவமாக மாறும்போது இடம் போதாமல் அழுத்தம் ஏறி, பாறையில் மயிரிழை விரிசல் விட்டு எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது. இது முதற்கட்டப் பயணம். தூரம் குறைவு, சில மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரை.

கன எண்ணெயின் தலைவிதியை எழுதுவது இரண்டாம் கட்டம். மூலப்பாறைக்கு மேலேயோ கீழேயோ மணற்பாறை மாதிரி துளை உள்ள படிவு ஒன்று இருந்தால் அதுதான் வழிப்பாறை. அதன் துளைகள் முழுக்க உப்புத்தண்ணீர். உப்புத்தண்ணீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,050 கிலோ, எண்ணெயினுடையது 850 என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோ வித்தியாசம். ஒரு மீட்டர் உயர எண்ணெய்த் தம்பத்துக்கு மேல்நோக்கிக் கிடைக்கும் தள்ளுவிசை சுமார் 2 கிலோபாஸ்கல். எதிரே நிற்பது நுண்புழை அழுத்தம்: தண்ணீர் ஒட்டியிருக்கும் ஒரு துளையின் கழுத்தில் நுழைய எண்ணெய் கொடுக்க வேண்டிய விலை. அது கழுத்தின் ஆரத்தைப் பொறுத்தது. எண்ணெய்க்கும் நீருக்கும் இடைமுக இழுவிசை மீட்டருக்கு 0.025 நியூட்டன் என்றால், 20 மைக்ரான் ஆரமுள்ள மணற்பாறைக் கழுத்துக்கு 2.5 கிலோபாஸ்கல் போதும். ஒன்றேகால் மீட்டர் எண்ணெய்த் தம்பம் சேர்ந்தாலே நகர்ந்துவிடும். கழுத்து 1 மைக்ரான் என்றால் 50 கிலோபாஸ்கல், அதாவது 25 மீட்டர் தம்பம். களிப்பாறையில் கழுத்து 10 நானோமீட்டர். அதைத் துளைக்க 2,500 மீட்டர் தம்பம் வேண்டும். அவ்வளவு உயரத்துக்கு எண்ணெய் சேராது. அதனால்தான் களிப்பாறை மூடி ஆகிறது, மணற்பாறை பாதை ஆகிறது.

வழிப்பாறை முழுவதையும் எண்ணெய் நனைத்துக்கொண்டு போவதாக நினைத்தால் தப்பு. மூடுபாறையின் அடிவயிற்றை ஒட்டி, எது எளிதான ஏற்றமோ அந்த முகட்டு வழியாக, மெல்லிய இழைகளாகத்தான் ஏறுகிறது. வழியில் ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் சிக்கிப் பின்தங்கிவிடும். தூரம் கூடினால் இந்த நஷ்டமும் கூடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகவேண்டுமென்றால் மூன்று விஷயம் சேர்ந்து வாய்க்க வேண்டும்: அள்ளிக் கொடுக்கும் மூலப்பாறை, அறுபடாமல் ஓடும் வழிப்பாறை, அதன் மேல் கிழியாத மூடி.

இங்கே 1954-இல் நிலவியலாளர் வில்லியம் கசோ எடுத்துச் சொன்ன விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சரிவில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்ந்த கிண்ணங்கள் மாதிரி, எண்ணெய் சிக்கித் தங்கும் பொறிகள் வரிசையாக இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து எண்ணெயும் வாயுவும் வருகின்றன. முதல் பொறி நிறைந்ததும் வாயு மேலே ஏறி உட்கார்ந்து, எண்ணெயை விளிம்பு வழியாக வெளியே தள்ளும். தள்ளப்பட்ட எண்ணெய் அடுத்த பொறிக்குப் போகும். கடைசியில் ஆழமான பொறியில் வாயு, நடுவில் எண்ணெய், மேல்விளிம்பில் தண்ணீர் மட்டும் என்று அடுக்கு அமையும். லேசானது மேலே இருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது தலைகீழ். ஆனால் ஓரத்தை நோக்கித் தொடர்ந்து வெளியேற்றப்படுவது எண்ணெய்தான் என்பது இதில் தெளிவாகிறது. அந்த ஓரம் ஆழமில்லாதது, குளிர்ந்தது, மழைநீர் ஊறிவரக்கூடியது. நுண்ணுயிர்களுக்கு ஏற்ற வீடு.

நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்கின்றன என்பது புதுச் செய்தி இல்லை. எங்கே, எப்படி என்பதில்தான் கடந்த கால் நூற்றாண்டில் புரிதல் மாறியது. மழைநீரோடு இறங்கும் ஆக்சிஜன் இல்லாமல் இது நடக்காது என்று முன்பு நம்பினார்கள். கணக்குப் பார்த்தால் அவ்வளவு ஆக்சிஜன் அந்த ஆழத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை. ஆக்சிஜன் இல்லாமலே, எண்ணெயை மீத்தேனாக மாற்றி வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் இந்த வேலையைச் செய்கிறது என்பது 2000-களின் ஆய்வுகளில் உறுதிப்பட்டது. கன எண்ணெய்க் களங்களின் தலையில் பல இடங்களில் வறண்ட மீத்தேன் வாயு நிற்பதற்கும் இது விளக்கம் தருகிறது.

அவை வேலை செய்யும் இடம் எண்ணெய்-நீர் எல்லை. எண்ணெய்க்குள்ளே அவற்றுக்கு வாழ்க்கை இல்லை. தண்ணீர் வேண்டும், பாஸ்பரஸ் மாதிரிச் சத்துகளும் வேண்டும். தின்னும் வரிசையும் உண்டு. முதலில் நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள், அதாவது மெழுகுப் பகுதி. பிறகு கிளைச்சங்கிலிகள். அதன் பின் ஒரு வளைய, இரு வளைய அரோமாட்டிக்குகள். ஸ்டெரேன், ஹோப்பேன் போன்ற பல வளையச் சேர்மங்கள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ரெசினும் அஸ்பால்ட்டீனும் ஏறத்தாழ அப்படியே மிஞ்சும். கந்தகம், நைட்ரஜன், நிக்கல், வனேடியம் எல்லாம் இந்தப் பெரிய மூலக்கூறுகளில்தான் ஒட்டியிருக்கின்றன. அதனால் எண்ணெய் குறையக் குறைய இவற்றின் பங்கு ஏறுகிறது. அதபாஸ்காத் தாரில் கந்தகம் 4 முதல் 5 சதவீதம் இருப்பது இப்படித்தான். புதிதாக யாரும் கொண்டுவந்து சேர்த்ததில்லை.

வேகம் எவ்வளவு? எண்ணெய்-நீர் எல்லையின் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கிலோ முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு கிலோ வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மில்லிகிராமில் சொன்னால் 100 முதல் 1,000. இப்போது 20 மீட்டர் உயர எண்ணெய்த் தம்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாறையில் துளை 30 சதவீதம், அதில் 80 சதவீதம் எண்ணெய். ஒரு சதுர மீட்டர் எல்லைக்கு மேலே 4.8 கன மீட்டர், சுமார் 4 டன் எண்ணெய் நிற்கிறது. அதில் பாதி போக வேண்டுமானால் வேகமான கணக்கில் 20 லட்சம் ஆண்டு. மெதுவான கணக்கில் 2 கோடி ஆண்டு. நிலவியல் காலத்தில் இரண்டுமே சின்ன எண்கள். தம்பம் 5 மீட்டர்தான் என்றால் நாலில் ஒரு பங்கு காலம் போதும். மெலிந்த படுகை சீக்கிரம் தாராகும், தடித்த படுகையின் மேல்பகுதி கொஞ்சம் தப்பிக்கும் என்பது இந்த எளிய வகுத்தலிலிருந்தே வந்துவிடுகிறது.

கீழிருந்து தின்னப்படுவதால் ஒரே களத்துக்குள் மேலிருந்து கீழே எண்ணெய் மாறிக்கொண்டே போகிறது. அதபாஸ்காவில் தம்பத்தின் உச்சியில் இருப்பதைவிட அடியில் பாகுத்தன்மை பத்து மடங்கும் அதற்கு மேலும் ஏறும் இடங்கள் உண்டு. இதைச் சாதாரணத் தகவலாக விட்டுவிட முடியாது. அங்கே நீராவி முறையில் எடுக்கும்போது கிடைமட்டக் கிணறுகளை ஜோடியாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, சுமார் 5 மீட்டர் இடைவெளியில் போடுகிறார்கள். மேல் கிணற்றில் 200 டிகிரியைத் தாண்டிய நீராவி. இளகி வழியும் தாரைக் கீழ்க் கிணறு வாங்கிக்கொள்ளும். கீழ்க் கிணறு படுகையின் அடியில், அதாவது மிக மோசமான தார் இருக்கும் இடத்தில் அமைகிறது. உச்சியில் எடுத்த ஒரு மாதிரியை வைத்து மொத்தக் களத்துக்கும் கணக்குப் போட்டவர்கள், இரண்டு கிணறுகளுக்கும் நடுவே தொடர்பு ஏற்படவே எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நாள் நீராவி செலுத்த நேரிடும். 10 டிகிரி குளிரில் பத்து லட்சம் சென்டிபாய்ஸ் இருக்கும் தார், 200 டிகிரியில் 10 சென்டிபாய்ஸ் வாக்கில் இறங்கும். நடுவில் இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் எரிபொருள் செலவு.

வெப்பத்துக்கு வருவோம். சுமார் 80 டிகிரிதான் கோடு. அதற்கு மேல் இந்த நுண்ணுயிர்கள் தாங்குவதில்லை. அதற்குக் கீழே, குறிப்பாக 60-க்குக் கீழே, எண்ணெய் வந்து சேர்ந்தால் தப்பிப்பது கடினம். ஆனால் விதிவிலக்கு ஒன்று உண்டு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் அதுதான். சில இடங்களில் 40, 50 டிகிரி மட்டுமே உள்ள ஆழமில்லாத பொறியில் லேசான, சேதமில்லாத எண்ணெய் கிடைக்கிறது. அந்தப் பாறை ஒரு காலத்தில் ஆழத்தில் புதைந்து 80, 90 டிகிரியைத் தாண்டி, உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் எல்லாம் செத்து, பிறகு நிலம் உயர்ந்து மேலே வந்திருக்கிறது. ஒருமுறை சூட்டில் சுத்தமான பாறையில் மறுபடி குடியேற்றம் எளிதில் நடப்பதில்லை. 2001-இல் இந்த விளக்கம் வெளியானபோது, பல களங்களின் புதிர் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது. இன்றைய வெப்பம் மட்டும் போதாது. பாறையின் வெப்ப வரலாறு முழுவதும் வேண்டும்.

எண்ணெயைக் கனமாக்க வேறு வழிகளும் உண்டு. ஓடும் நிலத்தடி நீர் பென்சீன், டொலுவீன் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு போகும். மூடி கசிந்தால் லேசான பகுதி ஆவியாகித் தப்பிவிடும். ஏற்கெனவே நிறைந்த பொறிக்குள் வாயு புகுந்தால் அஸ்பால்ட்டீன் பிரிந்து அடியில் தார் விரிப்பாகப் படியும். கலிஃபோர்னியாவின் மான்டெரே பாறையைப் போலக் கந்தகம் மிகுந்த கெரோஜன், கந்தகப் பிணைப்பு சீக்கிரம் உடைவதால் குறைந்த சூட்டிலேயே கனமான எண்ணெயை விட்டுவிடும். நான் முன்பு அபூர்வம் என்று சொன்ன, பிறவியிலேயே கனமான எண்ணெய் இதுதான். ஆனாலும் அளவை வைத்துப் பார்த்தால் நுண்ணுயிர்களின் பங்குக்குப் பக்கத்தில்கூட இவை வராது.

அதபாஸ்காவில் நடந்தது இப்படி. மேற்கே ராக்கி மலைத்தொடர் எழுந்தபோது அதன் பாரத்தில் முன்னே இருந்த நிலம் வளைந்து ஆழமானது. எக்ஸ்ஷா உள்ளிட்ட களிப்பாறைகள் சூடேறி எண்ணெய் விட்டன. கிழக்கே கனடாவின் தொல்பாறையை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டே போகும் சரிவு. எண்ணெய் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஊர்ந்தது. மக்மரி மணலுக்கு வந்தபோது அங்கே ஆழமும் இல்லை, சூடும் இல்லை. தின்னத் தின்ன எண்ணெய் கனத்தது. கனக்கக் கனக்க அடர்த்தி தண்ணீரை நெருங்கியது. இங்கே பழைய கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்: எண்ணெய் 1,000 கிலோ, உப்புத்தண்ணீர் 1,030 என்றால் வித்தியாசம் 30 மட்டும். மீட்டருக்கு 0.3 கிலோபாஸ்கல்கூட இல்லை. 25 மீட்டர் தம்பத்தால் நுழைந்த அதே 1 மைக்ரான் கழுத்துக்கு இப்போது 170 மீட்டர் வேண்டும். பாகுத்தன்மையும் சேர்ந்து காலைக் கட்டிவிடுகிறது. முன்னால் வந்தது இறுகி, பின்னால் வருவதற்குத் தானே மூடியாகிறது. சரியான பொறி அமையாத இடத்தில்கூட இவ்வளவு எண்ணெய் தங்கியதற்குக் காரணம் இதுதான்.

அந்த மணலை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு குவார்ட்ஸ் துகளைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம், அதற்கு வெளியே தார். நூறு கிலோவில் தார் 10 முதல் 12 கிலோ, தண்ணீர் 3 முதல் 5, மீதி மணலும் களியும். தார் மணலை நேரடியாகக் கவ்விக்கொள்ளாமல் இந்தப் படலம் தடுப்பதால்தான், காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் அலசினால் தார் பிரிந்து, காற்றுக் குமிழிகளோடு ஒட்டி மிதக்கிறது. எண்ணெய் வரும் முன்னே துளைகளில் தண்ணீர் இருந்தது என்பதற்கும் அந்தப் படலமே சாட்சி.

ஒரினோகோவில் திசைதான் வேறு. வடக்கே மலை எழுந்தது, கெரெகுவால் களிப்பாறை சூடேறியது, எண்ணெய் தெற்கே கயானாவின் தொல்பாறையை நோக்கி ஏறி ஒஃபிசினா மணலில் தங்கித் தாரானது. எடுக்கக்கூடிய அளவின் சராசரி மதிப்பீடு 51,300 கோடி பீப்பாய் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2009-இல் சொன்னது.

நம் பக்கம் அந்த அமைப்பு இல்லை. சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகக் கிழக்கே போனால், பெரம்பலூர் தாண்டிக் காரை அருகே பழம்பாறை முடிந்து கிரிட்டேசியஸ் என்ற டைனோசர் காலத்துக் கடல் படிவு தொடங்குகிறது. அதுதான் காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பு. பழம்பாறை ஓரத்தில் படிவுப்பாறை வந்து ஒட்டுகிறது என்பதால் அங்கும் தார் மணல் இருக்க வேண்டும் என்று நினைக்கலாம். என் கணிப்பில், படுகையின் வடிவமே அதைத் தடுத்திருக்கிறது. காவிரிப் படுகை மலையின் பாரத்தால் வளைந்தது இல்லை. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்தபோது நிலம் கிழிந்து இறங்கியது. அரியலூர்-புதுச்சேரி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று தனித்தனிப் பள்ளங்கள், நடுநடுவே கும்பகோணம்-மாதானம் மாதிரி மேடுகள். எண்ணெய் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் கொஞ்ச தூரம் ஏறி, பிளவில் முட்டி அங்கேயே தங்கிவிடுகிறது. மாதானத்தில் அடித்தளப் பழம்பாறையின் விரிசலுக்குள்ளேயே எண்ணெய் புகுந்து நிற்கிறது. சேலத்தில் ஆயிரம் அடி போர் போட்டவர்களுக்கு இது விளங்கும்: பாறையில் துளை கிடையாது, விரிசல் கிடைத்தால்தான் தண்ணீர். அங்கே தண்ணீருக்குப் பதில் எண்ணெய்.

இந்தியாவில் கன எண்ணெய்க்குப் பெயர்போன இடம் குஜராத்தின் மேசானா. சாந்தால், பாலோல் களங்களில் சுமார் 1,000 மீட்டர் ஆழம். அங்கே 1997 முதல் ஓஎன்ஜிசி பெரிய அளவில் காற்றைச் செலுத்தி, எண்ணெயின் ஒரு பகுதியைப் பாறைக்குள்ளேயே எரித்து, அந்தச் சூட்டில் மீதியை இளக்கி எடுக்கிறது.

நம் ரோட்டுத் தாருக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. சுத்திகரிப்பு ஆலையில் லேசான பகுதியைக் கொதிக்கவைத்துப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் அடிக்கசடுதான் தார். இயற்கையும் லேசான பகுதியை எடுத்துவிடுகிறது, ஆனால் வேறு விதமாக. கொதிக்கவைத்தால் நீண்ட மெழுகுச் சங்கிலிகள் கசடிலேயே தங்கிவிடும். நுண்ணுயிர் முதலில் தின்பதே அந்த மெழுகைத்தான். ஆகவே நுண்ணுயிர் தின்று முடித்த கன எண்ணெயிலிருந்து வரும் தாரில் மெழுகு மிகக் குறைவு. மெழுகு மிகுந்த தார் வெயிலில் சட்டென்று இளகும், குளிரில் வெடிக்கும். விஜி-30 என்ற ரோட்டுத் தார் வகைக்கு 60 டிகிரியில் 2,400 முதல் 3,600 பாய்ஸ் பாகுத்தன்மை கேட்கிறார்கள். 25 டிகிரியில் 100 கிராம் எடையோடு ஓர் ஊசியை 5 விநாடி இறங்கவிட்டால் குறைந்தது 4.5 மில்லிமீட்டர் போக வேண்டும். மேலே கொதிக்கும் சேலத்துச் சித்திரை வெயில், முப்பது கிலோமீட்டர் தள்ளி ஏற்காட்டு மார்கழிக் குளிர் என்று இரண்டையும் ஒரே தார் தாங்க வேண்டிய ஊரில் மெழுகு அளவு சின்ன விஷயம் இல்லை. வெனிசுவேலாவின் போஸ்கான் எண்ணெய்க்கு ரோட்டுத் தார்க்காரர்களிடம் தனி மதிப்பு உண்டு.

ஒரு மாதிரி கைக்கு வந்தால் அதன் பயணத்தை எப்படிப் படிப்பது? ஹெப்டேனை நாற்பது மடங்கு ஊற்றி அஸ்பால்ட்டீனைப் பிரித்து எடுத்துவிட்டு, மீதியை வாயு குரோமட்டோகிராஃபியில், அதாவது சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் முறையில் ஓட்டுவார்கள். சேதமில்லாத எண்ணெயில் ஆல்கேன்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். தின்னப்பட்ட எண்ணெயில் பற்கள் போய், வெறும் மேடு மட்டும் தெரியும். நடுநிலையில் உள்ளதற்கு, பதினேழு கார்பன் ஆல்கேனுக்குப் பக்கத்தில் நிற்கும் பிரிஸ்டேன் உயர்ந்திருக்கும். நேர்ச்சங்கிலி போய்க் கிளைச்சங்கிலி இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். ஹோப்பேன் தன் ஒரு கார்பனை இழந்து 25-நார்ஹோப்பேன் ஆகியிருந்தால் சேதம் மிகக் கடுமை.

இதில் குழப்பம் தருவது, சீப்புப் பற்களும் 25-நார்ஹோப்பேனும் ஒரே மாதிரியில் தெரிவது. முழு ஆல்கேனும் கடும் சேதமும் ஒரே எண்ணெயில் இருக்க முடியாது. அநேகமாக, முதலில் வந்த எண்ணெய் தின்னப்பட்டுத் தாராகி, பிறகு படுகை இன்னும் ஆழமாகிச் சூடேறி, புது எண்ணெய் வந்து கலந்திருக்கிறது. அப்படிக் கலந்த களம் லாபம். பழைய தாரைப் புது எண்ணெய் இளக்கிக் கொடுத்திருக்கும். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் துளையிடும் சேற்றில் டீசல் கலந்ததா என்று விசாரிக்க வேண்டும். டீசலின் பற்கள் பத்து கார்பனில் தொடங்கி இருபதைத் தாண்டியதும் திடீரென்று நின்றுவிடும். இயற்கை எண்ணெயில் வால் முப்பதுக்கு மேலும் நீளும். பாகுத்தன்மை அளப்பதிலும் இதே கவனம் வேண்டும். பாறைத்துண்டிலிருந்து கரைப்பானால் எடுத்து, பின் கரைப்பானை ஆவியாக்கிய மாதிரியில் லேசான பகுதியும் சேர்ந்து போயிருக்கும், எண் கூடுதலாக வரும். கரைப்பான் முழுவதும் போகாவிட்டால் குறைவாக வரும். சுழற்றிப் பிழிந்து எடுத்த மாதிரியே நல்லது. அதிலும் தண்ணீர் பால்போலக் கலந்து நின்றால் பாகுத்தன்மை பல மடங்கு ஏறிக் காட்டும். அளக்கும் முன் தண்ணீர் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அந்த எண்ணையும் அறிக்கையில் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.